வாரேன், டீச்சர்

ஜனவரி 7, வெள்ளி

பனி. கோழிகளுக்குக் கம்பு போட்டேன். பின்வாசல் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

வழக்கமாக இந்த அளவோடு எழுதி மூடிவிடுவேன். இன்று முடியவில்லை. நான் வானொலியில் பேசப் போகிறேன்.

பதற்றத்தில் முன்பின்னாக எழுதுகிறேன். ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலைதோறும் ஒலிபரப்பாகும் ‘மரகதம் டீச்சர்’ என்ற நகைச்சுவைத் தொடருக்குப் பள்ளிக்கூட விஷயங்களில் பிழை வராமல் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்று வானொலி நிலையத்தார் போன நவம்பரில் என்னைக் கூப்பிட்டார்கள். தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன், வேறு வேலையும் இல்லை. சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பேன். அரையாண்டுத் தேர்வு ஆடி மாதத்தில் வராது என்பது போன்ற திருத்தங்கள்.

இன்று ஒத்திகைக்கு சுந்தரம் வேடக்காரர் வரவில்லை. பொன்னுக்கு வீங்கியாம். கதையில் சுந்தரம் ஒரு தாவரவியல் ஆசிரியர். மரகதம் டீச்சரை மனதுக்குள் விரும்புகிறவர். வாய் திறக்க மாட்டார். தயாரிப்பாளர் நெல்லையப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சும்மா ஒத்திகைக்குப் படியுங்கள் என்று பிரதியை என் கையில் திணித்தார். படித்தேன். இரண்டு இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓரிடத்தில் வரி தவறிப்போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

“சார்வாள், நீங்க நடிக்காண்டாம். இப்படியே இருங்க. அது போதும்,” என்றார் நெல்லையப்பன்.

இது பாராட்டுதானா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். எமிலியிடம் சொன்னேன். என் தங்கை. கணவர் காலமான பிறகு என்னோடு இருக்கிறாள். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வீட்டுக் கூட்டத்துல நாலு பேரு முன்னால ஜெபம் பண்ணச் சொன்னா வயித்துவலின்னு எந்திரிச்சுப் போற ஆளு நீங்க. ஊரே கேக்குத ரேடியோவுல என்ன பேசப் போறீய அண்ணாச்சி?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி.


ஜனவரி 9, ஞாயிறு

பேசிவிட்டேன். வீடு வந்ததும் கோழிகளுக்கு இரண்டு தடவை கம்பு போட்டிருக்கிறேன்.

ஒலிப்பதிவு எல்லாம் கிடையாது. நேரடியாகப் போகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் புறம் நெல்லையப்பன், இந்தப் புறம் நாங்கள். நடுவில் ஒரே மைக். நானும் மரகதமாக நடிக்கும் கிருபாவதி டீச்சரும் மைக்குக்கு இரு பக்கமும் எதிரெதிராக நிற்க வேண்டும். மூலையில் சத்தங்கள் உண்டாக்கும் இசக்கி, இரு கைகளிலும் ஜோடு மாட்டிக்கொண்டு ஒரு சரளைத் தட்டின் முன்னால் குந்தியிருக்கிறார். நாங்கள் நின்ற இடத்தில் நிற்போம். எங்களுக்காக நடப்பது அவர் கைகள்.

கிருபாவதி டீச்சர் நிஜமாகவே ஆசிரியை. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு. வரும் மார்ச் கடைசியில் ஓய்வு. சிவப்பு விளக்கு எரிந்ததும் என் முதல் வரியை இரண்டு பக்கங்களில் தேடினேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் பிரதியை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் என் பிரதியின் கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டார். தாள் நடுங்கினால் மைக்கில் சலசலக்கும் என்பதற்காக.

இன்றைய கதையில் தலைமையாசிரியர், ஆசிரியர் அறையில் சிரிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விடுகிறார். “சிரிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க சார். அதப் படிச்சதும் சிரிப்பு வருது. அதுக்கு யாரு பொறுப்பு?” என்று மரகதம் கேட்கிறாள். டீச்சர் அதைச் சொன்ன விதத்தில் நானே சிரித்துவிட்டேன். ஒலிபரப்பில் அதுவும் போயிருக்கும்.

என் கடைசி வரி: “அப்ப நான் வாரேன், டீச்சர்.” அவருடைய பதில்: “போயிட்டு வாங்க, சார்.” சொல்லி முடித்தோம். விளக்கு அணைந்தது.


ஜனவரி 10, திங்கள்

சவரக்கடையில் ஒரு சங்கடம். கடைக்காரர் கத்தியைத் தாடையில் வைத்தபடி கேட்டார்: “நேத்து ‘வாரேன்’னீயளே சார்வாள், வந்தீயளா, போனீயளா?”

காத்திருந்தவர்களுக்குள்ளும் இதில் இரு கட்சி. போய்விட்டார் என்று பாதிப் பேர். இல்லை, மரகதம் டீச்சர் பக்கத்தில் வந்தார், அடுத்த வாரம் ஏதோ நடக்கப்போகிறது என்று மீதிப் பேர். கத்தி கழுத்தில் இருந்ததால் நான் கருத்துச் சொல்லவில்லை.

மாலையில் நிலையத்துக்குப் போய் நெல்லையப்பனிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தலையில் கை வைத்தார். தவறு என்னுடையதுதான். நம் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. போகும்போதும் ‘வாரேன்’, வரும்போதும் ‘வாரேன்’. எதிரில் நிற்பவருக்கு நம் முதுகோ முகமோ தெரியும், புரிந்துகொள்வார். மைக்குக்குக் கண் கிடையாது. நான் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன். இசக்கியும் ஜோடுகளை அசைக்கவில்லை.

தரையில் எனக்காக ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டுவிட்டார்கள். போக வேண்டுமானால் சொல்லிக்கொண்டே வட்டத்தை விட்டுப் பின்னால் நகர வேண்டும். குரல் தேயும். இசக்கியும் காலடிச் சத்தத்தைத் தேய்ப்பார். வர வேண்டுமானால் முன்னால்.

“நேத்து ஏன் சும்மா இருந்தீங்க?” என்று இசக்கியிடம் கேட்டேன். குறையாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான்.

“எனக்குப் பிரதியெல்லாம் தெரியாது சார்வாள். உங்க காலத்தான் பாப்பேன். அது நிக்குது. நானும் நின்னேன்.”


ஜனவரி 23, ஞாயிறு

பொன்னுக்கு வீங்கிக்காரர் குணமாகிவிட்டார். ஆனால் நேயர்கள் புதுச் சுந்தரத்தையே கேட்கிறார்களாம். நெல்லையப்பன் ஒரு கட்டு அஞ்சலட்டைகளைக் காட்டினார். தூத்துக்குடியிலிருந்து ஒருவர், ‘அந்த மனிதர் பேசாமல் இருக்கும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறார். பேசாமல் இருப்பதற்கு ஒரு பாராட்டு. முப்பது வருஷம் பாடம் நடத்தியதற்குக் கிடைக்காதது.

இன்றைய காட்சியில் சுந்தரம் ஒரு செம்பருத்திப் பூவை மரகதத்துக்குக் கொண்டுவருகிறார். கொடுக்கத் துணிவில்லாமல் பாடம் நடத்துகிறார். “இது மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தது, டீச்சர்” என்பது என் வரி. பிறகு மரகதம் நன்றி சொல்ல வேண்டும். கிருபாவதி டீச்சர் நன்றி சொல்லவில்லை.

“அந்தக் குடும்பத்துல இன்னும் ஒரு ஆளு சேர இடமிருக்கா, சார்?”

நான் பிரதியைப் பார்த்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன், மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு, “இதழ்கள் ஐந்து, டீச்சர்,” என்றேன். தடுப்புக்கு அந்தப் புறம் நெல்லையப்பன் மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் பிரதியில் மட்டும் அந்த வரி தட்டச்சில் விட்டுப்போயிருக்க வேண்டும். வேறு காரணம் இருக்க முடியாது.


பிப்ரவரி 3, வியாழன்

இருமல். கிருபாவதி டீச்சர் பள்ளி முடிந்து வரும் வழியில் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு கொடுத்துவிட்டுப் போனார். ஒலிபரப்பு கெடக்கூடாது என்ற அக்கறை. பொட்டலம் கட்டிய கணக்குத் தாளில் ஒரு பெண்ணுக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. ‘முயற்சி செய்தால் முடியும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். தாளை மடித்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால்.


பிப்ரவரி 13, ஞாயிறு

இப்போது வாரந்தோறும் காட்சி ஒரே வரியில்தான் முடிகிறது. சுந்தரம் ஏதோ சொல்ல வருவார், விழுங்குவார், “அப்ப நான் வாரேன், டீச்சர்” என்று பின்னால் நகர்ந்து தேய்ந்துபோவார். அந்த இடத்தில் டீக்கடைகளில் உச்சுக்கொட்டுகிறார்களாம். இன்று ஆலயம் விட்டு வெளியே வந்தபோது ஒரு பெரிய மனிதர், தாசில்தார் என்று நினைக்கிறேன், காரை நிறுத்தி இறங்கி, “வாரேன் சார்வாள் நீங்கதானா?” என்று கை கொடுத்தார். ஆமாம் என்றேன். என்னை நானே இப்படி உரக்க ஒப்புக்கொண்டு கேட்டதில்லை. வீடு வரைக்கும் வேகமாக நடந்துவந்தேன். வழியில் இரண்டு பேருக்கு நானாகவே முகமன் சொன்னேன்.

எமிலி கோழிக்கறி வைத்திருந்தாள். என்ன விசேஷம் என்றேன். “நீங்க பாடிக்கிட்டே வந்தீயளே, அதுக்குத்தான்,” என்றாள். நான் பாடவில்லை.


பிப்ரவரி 25, வெள்ளி

ஒத்திகை முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். கிருபாவதி டீச்சர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஓய்வுபெற்றதும் தம்பி பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறாராம். வீட்டில் மாடியறை ஒழித்துவிட்டார்களாம். ஏப்ரல் முதல் வாரம் புறப்பட வேண்டியது. போகவா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

பஸ் வரவில்லை. அவர் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“இங்க எனக்கு யாரு இருக்கா, சார். ‘இருங்க’ன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்லா?”

நான் நன்றாக யோசித்துப் பதில் சொன்னேன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது, கோடையிலும் புழுக்கம் இராது, மூட்டுவலிக்காரர்களுக்கு உகந்தது என்றேன்.

“எனக்கு மூட்டுவலி கெடையாது, சார்,” என்றார். பஸ் வந்தது.


பிப்ரவரி 26, சனி

அட்லஸில் சரிபார்த்தேன். பெங்களூர் பற்றி நான் சொன்னது சரிதான்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.


மார்ச் 6, ஞாயிறு

தொடர் இந்த மாதக் கடைசி ஞாயிறோடு முடிகிறது. கிருபாவதி டீச்சர் பெங்களூர் போக முடிவு செய்துவிட்டார், அவர் இல்லாமல் மரகதம் இல்லை, ஆகவே நிறுத்திவிடுகிறோம் என்றார் நெல்லையப்பன். எப்படி முடியும் என்று கேட்டேன். மரகதத்துக்கு மாற்றல் வருகிறது, போகிறாள் என்றார். சுந்தரம் என்ன செய்வார் என்றேன். அவர் எப்போதும்போலத்தான் என்றார்.

இதை எமிலியிடம் சொன்னபோது குரல் சரியாக இல்லை போலிருக்கிறது. அவள் அரிவாள்மணையிலிருந்து எழுந்துவிட்டாள்.

“அண்ணாச்சி, உங்களுக்குப் பொண்ணு பாக்க அம்மா எத்தனை ஊரு அலைஞ்சா. ஒவ்வொரு வீட்டுலயும் காப்பி குடிச்சிட்டு ‘வாரோம்’னு சொல்லிட்டு வந்தீய. அவுங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்காங்களோ என்னமோ. வாரேன் வாரேன்னே உங்க ஆயுசு போயிரும்.”

நாடகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவள் எதற்கு இதையெல்லாம் எடுத்தாள் என்று தெரியவில்லை.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கழுவினேன்.


மார்ச் 18, வெள்ளி

கடைசிப் பிரதி கைக்கு வந்தது. இடம் பள்ளிக்கூட வாசல். மரகதம் பெட்டியோடு நிற்கிறாள். சுந்தரம் ஒரு செம்பருத்திப் பதியனைத் தகர டப்பாவில் கொண்டுவருகிறார். வண்டிக்கு நேரமாகிறது. “அப்ப நான் வாரேன், டீச்சர்.” காலடி தேய்கிறது. “போயிட்டு வாங்க, சார்.” இசை.

பள்ளிக்கூட விஷயத்தில் பிழை ஒன்றும் இல்லை. சிவப்பு மைப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். கல்வியாண்டு முடியும் முன் மாற்றல் உத்தரவு வருவது அபூர்வம் என்று ஓரத்தில் எழுதினேன். நெல்லையப்பன் படித்துவிட்டு, அபூர்வமாக வந்ததாக வைத்துக்கொள்வோம் என்றார்.


மார்ச் 24, வியாழன்

பின்வாசலில் வட்டம் போட்டுப் பழகினேன். சொல்லிக்கொண்டே பின்னால் போவது நன்றாக வருகிறது. கோழிகள் விலகி வழி விடுகின்றன.


மார்ச் 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அதற்குள் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாயிற்று.

கிருபாவதி டீச்சர் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். வானொலியில் சேலை தெரியாது. இருந்தாலும் குறித்து வைக்கிறேன். ஏப்ரல் நான்காம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகத் தம்பி தந்தி கொடுத்திருந்தாராம். அதை நெல்லையப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தலைமையாசிரியர் தன் காட்சியை முடித்துப் போனார். நானும் கிருபாவதி டீச்சரும் மைக்குக்கு இரு பக்கமும். பதியனைப் பற்றிய வரிகள் நன்றாகப் போயின. தண்ணீர் எவ்வளவு விட வேண்டும், வெயில் எவ்வளவு வேண்டும் என்று சுந்தரம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். “அந்த ஊரு மண்ணுல இது பிடிக்குமா, சார்?” என்று மரகதம் கேட்கிறாள். பிரதியில் உள்ள வரிதான். ஆனால் அவர் பிரதியைப் பார்த்துப் படிக்கவில்லை.

என் வரி வந்தது. “அப்ப நான்,” என்றேன். பின்னால் நகர வேண்டும். தரையில் சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்தேன். இத்தனை வாரம் என் ஜோடு தேய்த்து, பின்பக்கம் அது அழிந்தே போயிருந்தது. முன்பக்கம் மட்டும் போட்டபடி வெள்ளையாக இருந்தது.

என் கால் முன்னால் போயிற்று. அது தானாகப் போனது என்று எழுத நினைத்தேன். இல்லை. நான்தான் எடுத்து வைத்தேன்.

“வாரேன், டீச்சர்.”

மூலையில் சரளை நொறுங்கியது. ஒரு காலடி. நான் இன்னொன்று வைத்தேன். இன்னும் பலமாக ஒன்று. இசக்கி என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் நெல்லையப்பன் எழுந்து இரு கைகளாலும் பின்னால் போ, பின்னால் போ என்று மாடு விரட்டுவதுபோல விரட்டினார். மைக் என் நெஞ்சில் இடிக்கும் தூரத்தில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர் முகம்.

டீச்சர் எதுவும் சொல்லவில்லை. வானொலியில் அமைதி பெரிய குற்றம். வயர் அறுந்துவிட்டது என்று ஜனங்கள் பெட்டியைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் பிரதியைச் சலசலப்பில்லாமல் இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு மைக்கைப் பார்க்காமல் சொன்னார்:

“வாங்க.”

அவ்வளவுதான். ‘போயிட்டு’ என்ற சொல்லை விட்டுவிட்டார்.

இசை வந்தது. நெல்லையப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். “சார்வாள், போகச் சொன்னா வந்துட்டீயளே. நல்லவேளை கடைசி வாரம். இல்லேன்னா அடுத்த வாரம் உங்கள வச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன்?” கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டுத் திரும்புவதற்குள் டீச்சர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்.


மார்ச் 28, திங்கள்

ஊர் முழுக்க ஒரே பேச்சு. சவரக்கடையில் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். சுந்தரம் வந்துவிட்டார் என்பதில் அங்கே இப்போது ஒரே கட்சி.

எனக்குத்தான் சந்தேகம். ‘வாங்க’ என்று சொன்னது மரகதமா? அல்லது பதற்றத்தில் ஒரு சொல் தவறிப்போயிற்றா? நான் வரி மாறியதால் அவரும் தடுமாறியிருக்கலாம். எமிலியிடம் இதைப் பொதுவாக, பிரதி என்ற முறையில் கேட்டேன்.

“அந்தம்மா இத்தனை வாரத்துல ஒரு வரியாச்சும் தவறவிட்டிருக்காளா?” என்றாள்.

இல்லை. எழுதாத ஒரு வரியைச் சேர்த்ததுதான் உண்டு. மால்வேசி அன்று.

இதை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜனவரிப் பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். அந்த வரி தட்டச்சில் விட்டுப்போகவில்லை.


மார்ச் 31, வியாழன்

சவரம். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. நிலையத்திலிருந்து செம்பருத்திப் பதியனைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நாடகத்துக்கு அது தேவையே இல்லை. டப்பாவைத் தட்டினால் சத்தம் போதும். நான்தான் செடியும் வேண்டும் என்று வைத்திருந்தேன்.

பள்ளியில் வழியனுப்பு விழா முடிந்து கிருபாவதி டீச்சர் வீடு திரும்பியிருப்பார் என்று கணக்கிட்டு மாலையில் போனேன். வாசலில் ஒரு தகரப்பெட்டி. மேலே பெங்களூர் விலாசம். கதவைத் தட்டக் கையை எடுத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், மறுபடி கையை எடுத்தேன்.

“யாரு, சுந்தரம் சாரா?” என்று உள்ளிருந்து குரல்.

“இல்ல டீச்சர். தேவஇரக்கம்.”

கதவைத் திறந்தவர் கழுத்தில் விழா மாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை. நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன். செடியைத் தந்தேன். அது எந்தக் குடும்பம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து வரும்போது சில வாக்கியங்களை வரிசையாக மனப்பாடம் செய்து வந்திருந்தேன். ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

“இருங்க, டீச்சர்,” என்றேன்.

“இருக்கேன். காப்பிதான போடப் போறேன்.”

“அதச் சொல்லல. நாலாம் தேதி. இருங்க.”

அவர் மாலையைக் கழற்றினார். அதைப் பெட்டியின் மேல், பெங்களூர் விலாசம் மறையும்படி வைத்தார். பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நான் சொல்லாமல் குடித்தேன். அவரும் சொல்லாமல் குடித்தார். தம்பிக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்றார். நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். என்னவென்று கொடுப்பீர்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றதும், மரகதம்கூட இதுவரை சிரிக்காத சிரிப்பு ஒன்று சிரித்தார்.

இருட்டும் முன் எழுந்தேன். வாசற்படியில் நின்று, பழக்கத்தில், “அப்ப நான் வாரேன்,” என்றேன். டீச்சர் என்று சேர்க்கவில்லை.

கிருபாவதி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“எப்பம்?”

இதற்குப் பிரதியில் வரி இல்லை. கண்ணாடியைத் துடைக்கக் கை போயிற்று. துடைக்கவில்லை.

“ஈஸ்டர் கழிஞ்ச மறு ஞாயிறு கோயில்ல முதல் ஓலை வாசிக்கச் சொல்லுதேன். மூணு வாரம் வாசிச்சாத்தான் கல்யாணம். பரவாயில்லையா?”

“கோயில்லயும் மைக் உண்டு, சார். பின்னால போயிராதீய.”

கோழிகளை யார் அடைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் அடைக்கவில்லை.